மாதவிலக்கு வலிக்குச் சுக்கு, எள், அசோகப்பட்டை: மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை

2023 டிசம்பரில் மெஃபெனமிக் அமிலம் என்ற வலி மருந்தைப் பற்றி இந்திய பார்மகோபியா ஆணையத்தின் எச்சரிக்கை ஒன்று எல்லாச் செய்திகளிலும் வந்தது. மாதவிலக்கு வலிக்கு நம் ஊர் மருந்துக்கடைகளில் அதிகம் விற்கும் மாத்திரைகளில் இருப்பது இந்த மருந்துதான். அரிதாகச் சிலருக்கு இது கடும் ஒவ்வாமையைக் கிளப்பலாம்: காய்ச்சல், உடம்பெங்கும் தடிப்பு, இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கூடுதல், ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படுதல். ஆணையம் மருந்தைத் தடை செய்யவில்லை. இந்த அறிகுறிகள் தெரிகின்றனவா என்று கவனியுங்கள், தெரிந்தால் தகவல் கொடுங்கள் என்றுதான் மருத்துவர்களையும் மக்களையும் கேட்டுக்கொண்டது.

வாட்ஸ்அப்பில் அது வேறு வடிவம் எடுத்தது. "அந்த மாத்திரை விஷம், பாட்டி வைத்தியமே போதும்" என்று தொடங்கும் செய்திகள் சுற்றின. கூடவே ஒரு பட்டியல்: சுக்கு, பெருங்காயம், வெந்தயம், எள், கருஞ்சீரகம், சோற்றுக்கற்றாழை, மலைவேம்பு, அசோகப்பட்டை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைக்கச் சொல்லும் காணொளிகளும் உண்டு.

இந்தப் பட்டியலில் பயனுள்ளவை இருக்கின்றன. ஆனால் இவற்றில் சில கருப்பையின் இறுக்கத்தைத் தணிப்பதற்கானவை, சில வராத விலக்கை வரவைப்பதற்கானவை, சில அதிகப் போக்கைக் குறைப்பதற்கானவை. நம் மருத்துவ மரபு இவற்றைத் தனித்தனியாகத்தான் வைத்திருந்தது. அந்தப் பிரிவை அழித்துவிட்டு எல்லாவற்றையும் "பீரியட்ஸ் கசாயம்" ஆக்குவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

வலி எப்படி உண்டாகிறது

கரு தரிக்காத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு இறங்கும். அதை நம்பி வளர்ந்திருந்த கருப்பையின் உள்வரிச் சவ்வு சிதையத் தொடங்கும். சிதையும் செல்களிலிருந்து புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்கள் வெளிவரும். அவை இரண்டு வேலைகளைச் செய்கின்றன:

1. கருப்பைத் தசையைச் சுருங்கச் செய்கின்றன. சவ்வு வெளியேற இந்தச் சுருக்கம் தேவை.
2. அங்குள்ள இரத்தக் குழாய்களை இறுக்குகின்றன. சுருக்கம் பலமாகவும் நீண்டும் இருந்தால் தசைக்குப் போகும் இரத்தமும் ஆக்சிஜனும் குறையும். அந்தத் தட்டுப்பாடுதான் வலியாகத் தெரிகிறது.

இதே பொருள்கள் குடலின் தசையையும் தூண்டும். விலக்கின் முதல் நாளில் பலருக்கு வயிற்றோட்டமும் குமட்டலும் சேர்ந்து வருவது இதனால்தான். முதல் இரண்டு நாளில் இவை அதிகம் சுரப்பதால் வலியும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மூன்றாம் நாளில் தானாக இறங்கும்.

இது தெரியவந்து அதிக காலம் ஆகவில்லை. 1957இல் பிரிட்டனைச் சேர்ந்த பிக்கிள்ஸ் என்ற ஆய்வாளர், மாதவிலக்குக் குருதியில் தசையைச் சுருக்கும் பொருள் ஒன்று இருப்பதைக் கண்டார். 1971இல் ஜான் வேன், ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று காட்டினார். 1982இல் அவரும் பெர்க்ஸ்ட்ராம், சாமுவெல்சன் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அதற்கு முன்பெல்லாம் இந்த வலியை மனம் சார்ந்ததாக எழுதிய மருத்துவ நூல்கள் ஏராளம். "உனக்கு வலியில்லை, பயம்தான்" என்று எத்தனையோ பெண்கள் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். சித்த மருத்துவமோ இதை உடம்பின் வலியாகவே எடுத்துக்கொண்டது. கீழ்நோக்கித் தள்ளும் வேலையைச் செய்யும் அபான வாயு தடைபட்டு நிற்பதால் வருகிற நோவு என்றது. விளக்கத்தை இன்றைய உடலியலோடு பொருத்திப் பார்க்க முடியாமல் போகலாம். வலியை நம்பியதும், அதற்குச் சூடும் எண்ணெயும் வாயு நீக்கும் சரக்குகளும் கொடுத்ததும் பொருளுள்ள காரியங்கள்.

வலியில் இரண்டு வகை

முதல் வகை, மேலே சொன்னது. கருப்பையில் வேறு நோய் எதுவும் இல்லாமல் புரோஸ்டாகிளாண்டினால் மட்டும் வரும் வலி. பூப்பெய்திய ஓரிரு ஆண்டுக்குள் தொடங்கும். விலக்கு ஆரம்பிக்கும்போது வந்து இரண்டு மூன்று நாளில் போய்விடும். அடிவயிற்றில் பிடித்து இடுப்புக்கும் தொடைக்கும் இறங்கும்.

இரண்டாம் வகை, பின்னால் ஒரு நோய் இருப்பது. கருப்பைச் சவ்வு போன்ற திசு வெளியில் வளரும் எண்டோமெட்ரியோசிஸ், அது கருப்பைத் தசைக்குள்ளேயே புகுந்திருக்கும் அடினோமயோசிஸ், நார்த்திசுக் கட்டி, இடுப்பு உறுப்புகளில் தொற்று ஆகியவை இதில் சேரும். உலகில் இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த வகையில் வலி வருடத்துக்கு வருடம் கூடும். விலக்குக்கு முன்னரே தொடங்கும், முடிந்த பிறகும் தொடரும்.

அடுப்படி வைத்தியத்தைப் பற்றிக் கீழே வரும் நல்ல செய்தி எல்லாமே முதல் வகைக்கு மட்டும் உரியது. ஆய்வுகளும் அந்த வகை வலி உள்ளவர்களிடம்தான் நடந்தன.

குணபாடம் பிரித்து வைத்த மூன்று செய்கைகள்

சித்த மருத்துவத்தில் மருந்துச் சரக்குகளின் குணத்தைச் சொல்லும் பகுதி குணபாடம். அதில் ஒவ்வொரு மூலிகைக்கும் சுவை, தன்மை, பிரிவு ஆகியவற்றோடு "செய்கை" என்று ஒன்றைக் குறிப்பார்கள். அந்தச் சரக்கு உடம்பில் என்ன செய்யும் என்பதைச் சொல்வது அது. நம் பட்டியலுக்குத் தேவையானவை இவை:

1. இசிவகற்றி, அகட்டுவாய்வகற்றி: பிடிப்பைத் தளர்த்துவது, வயிற்று வாயுவைக் கலைப்பது. சுக்கு, பெருங்காயம், ஓமம், சோம்பு இந்தப் பக்கம்.
2. ருதுவுண்டாக்கி: நின்றுபோன அல்லது தள்ளிப்போன விலக்கை வரவைப்பது. எள், கருஞ்சீரகம், சதகுப்பை, கற்றாழைப் பாலை உலர்த்தி எடுக்கும் கரியபோளம் ஆகியவற்றுக்கு இந்தச் செய்கை சொல்லப்படுகிறது.
3. துவர்ப்பி: சுருக்கிப் பிடித்து இரத்தப்போக்கைக் குறைப்பது. அசோகப்பட்டை இதில் முக்கியம். "பெரும்பாடு" என்று அழைக்கப்படும் அளவுகடந்த போக்குக்கு இதைக் கொடுத்தார்கள்.

ஒரே சரக்குக்கு இரண்டு மூன்று செய்கைகள் இருப்பதும் உண்டு. சொன்ன செய்கை எல்லாம் ஆய்வுக்கூடத்தில் அப்படியே தெரியும் என்றும் இல்லை. கருஞ்சீரக எண்ணெய் எலியின் கருப்பைத் தசையில் சுருக்கத்தைக் குறைத்தது என்று 1996இல் ஓர் ஆய்வு வந்தது. விலக்கைத் தூண்டும் சரக்கு என்ற பெயருக்கு அது நேர் எதிர்ப் பக்கம். ஆகவே இந்தப் பிரிவை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். ஆனால் போக்கு அதிகமாக இருக்கும் பெண்ணுக்கு விலக்கைத் தூண்டும் சரக்கையோ, விலக்கே வராதவளுக்குத் துவர்ப்பியையோ எந்த வைத்தியரும் வலி மருந்தென்று கொடுத்திருக்க மாட்டார் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்வோம்.

சுக்கு: இருப்பதில் நல்ல ஆதாரம் இதற்குத்தான்

பட்டியலில் அதிகம் சோதிக்கப்பட்டது சுக்கு. 2009இல் ஈரானில் 150 மாணவிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 250 மில்லிகிராம் இஞ்சித் தூள் நாளைக்கு நான்கு முறை, இன்னொன்றுக்கு மெஃபெனமிக் அமிலம், மூன்றாவதுக்கு இபுபுரூஃபன். விலக்கு தொடங்கியதிலிருந்து மூன்று நாள். வலி குறைந்த அளவில் மூன்று குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சமூக ஊடகங்களில் "மாத்திரைக்குச் சமம்" என்று வருவது இதை வைத்துத்தான். ஆனால் அந்த ஆய்வில் வெறும் மாவு மாத்திரை கொடுக்கப்பட்ட ஒப்பீட்டுக் குழு இல்லை. மருந்து எதுவும் இல்லாமலே எவ்வளவு பேருக்குக் குறைந்திருக்கும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

2012இல் வந்த மற்றோர் ஈரானிய ஆய்வில் அந்தக் குறை இல்லை. 120 மாணவிகள், 500 மில்லிகிராம் நாளைக்கு மூன்று வேளை, எதிர்ப்பக்கத்தில் மாவு மாத்திரை. ஒரு கட்டத்தில் விலக்குக்கு இரண்டு நாள் முன்பே தொடங்கி, விலக்கின் முதல் மூன்று நாள் வரை கொடுத்தார்கள். இன்னொரு கட்டத்தில் விலக்கு வந்த பிறகு மூன்று நாள் மட்டும். இரண்டிலும் வலியின் கடுமை குறைந்தது. வலி நீடிக்கும் நேரம் குறைந்ததோ முன்கூட்டியே தொடங்கியபோது மட்டும்தான். புரோஸ்டாகிளாண்டின் உண்டான பிறகு அதை விரட்டுவதைவிட உண்டாகும்போதே தடுப்பது எளிது என்பதோடு இது பொருந்துகிறது. சுக்கிலுள்ள ஜிஞ்சரால், ஷோகால் என்ற காரப் பொருள்கள், புரோஸ்டாகிளாண்டினை உருவாக்கும் சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதியை ஆய்வுக்கூடத்தில் தடுக்கின்றன. மாத்திரை தொடும் இடமும் அதே நொதிதான். இஞ்சி காயும்போது ஜிஞ்சராலின் ஒரு பகுதி ஷோகாலாக மாறும். பச்சை இஞ்சியும் சுக்கும் வெவ்வேறு காரமாக இருப்பது இதனால்.

ஆய்வுகளில் கொடுத்தது நாளைக்கு 1 முதல் 1.5 கிராம் தூள், ஏறக்குறைய அரை டீஸ்பூன் முதல் முக்கால் டீஸ்பூன். அதையும் தூளாகவே விழுங்கவைத்தார்கள். ஒரு துண்டு சுக்கைத் தட்டிப் போட்டு, கொதிக்கவைத்து, வடிகட்டி, மண்டியைக் கொட்டிவிட்டால் கிடைப்பது அதே மருந்தாகாது. சுக்கின் காரப் பொருள்கள் தண்ணீரில் நன்றாகக் கரைவதில்லை, பாதிக்கு மேல் மண்டியிலேயே தங்கிவிடலாம். இந்த இடத்தில் வீட்டுப் பழக்கம் ஒன்று கைகொடுக்கிறது. சுக்குப் பொடியைக் கருப்பட்டித் தூளோடு சேர்த்து, கொஞ்சம் நெய் விட்டுப் பிசைந்து, சுண்டைக்காய் அளவுக்கு உருட்டித் தருவார்கள். தூள் முழுவதும் வயிற்றுக்குள் போகிறது. எண்ணெயில் கரையும் பொருளுக்கு நெய்யும் துணைக்கு இருக்கிறது.

"சுக்குக்குப் புற நஞ்சு, கடுக்காய்க்கு அக நஞ்சு" என்ற வைத்திய வழக்கு தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். சுக்கின் மேல் சுண்ணாம்பு தடவி உலர்த்தி, தோலை முழுக்கச் சீவி எடுத்த பிறகே பொடிப்பார்கள். வெளுப்பாகத் தெரியச் சுண்ணாம்பு பூசிய சுக்கும் கடைகளில் விற்கிறது. விரலில் வெள்ளை ஒட்டினால் நன்றாகத் துடைத்து, சீவிவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

வெந்தயம், பெருங்காயம், சோம்பு, பட்டை

வெந்தயத்துக்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. 2014இல் 101 மாணவிகளிடம் நடந்தது. விலக்கின் முதல் மூன்று நாள், வேளைக்கு 900 மில்லிகிராம் வெந்தயத் தூள், மூன்று வேளை. இரண்டு மாதம் தொடர்ந்து கொடுத்தபோது மாவு மாத்திரையைவிட வலி அதிகம் குறைந்தது. நாளைக்கு முக்கால் டீஸ்பூன் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். மோரில் ஊறப்போட்டுச் சாப்பிடும் வீட்டு அளவும் இதையொட்டித்தான் வரும். வெந்தயம் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்பதால் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

பெருங்காயத்துக்கு இந்த அளவுக்கு ஆய்வு கிடையாது. நெய்யில் பொரித்து மோரில் கலந்து குடிக்கும்போது பலருக்கு இதமாக இருப்பதன் காரணம் குடலில் இருக்கலாம். புரோஸ்டாகிளாண்டின் குடலையும் முறுக்குகிறது என்று பார்த்தோம். வாயுவும் முறுக்கலும் தணிந்தால் அடிவயிற்று வேதனையில் ஒரு பங்கு குறைவது இயல்பு. இன்னொன்றும் உண்டு: கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பகுதி கோதுமை மாவும் கோந்தும்தான். எந்தப் பெட்டியில் எவ்வளவு பெருங்காயம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே "ஒரு சிட்டிகை" என்பது அளவே ஆகாது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சோம்பை வைத்து ஈரானில் பல சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சிலவற்றில் பலன் தெரிந்தது. ஓமத்துக்கு வீட்டு அனுபவம்தான் அதிகம்.

பட்டைக்கும் சில நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன. ஆனால் எந்தப் பட்டை என்று கேட்க வேண்டும். இலங்கையின் கறுவாப்பட்டை மெல்லிய சுருளாக, பல அடுக்காக, கையால் நொறுக்கக்கூடியதாக இருக்கும். நம் மளிகைக் கடையில் பெரும்பாலும் கிடைக்கும் தடித்த பட்டை கேசியா என்ற வேறு மரத்தினது. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், தினமும் டீஸ்பூன் கணக்கில் தின்றால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். குழம்புக்குப் போடும் அளவில் பயமில்லை.

சூடும் கணக்கில் சேரும்

அடிவயிற்றில் தொடர்ந்து சுமார் 39 டிகிரி செல்சியஸ் சூடு படும்படி ஒட்டுத்துணி வைத்தபோது, இபுபுரூஃபன் அளவுக்கு வலி குறைந்தது என்று 2001இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நொச்சி இலையை வதக்கிக் கட்டிய ஒத்தடம், வறுத்த உப்பு அல்லது தவிட்டு மூட்டை, விளக்கெண்ணெய் தடவி வாட்டிய ஆமணக்கிலை எல்லாம் இதே வேலையைச் செய்கின்றன. இலையின் பங்கு எவ்வளவு, சூட்டின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் எந்தச் செலவும் பக்கவிளைவும் இல்லாத வழி இது. தோல் சுடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பூப்பெய்திய பெண்ணுக்குத் தரும் உளுந்தங்களியைப் பலர் வலி மருந்தாக எண்ணுகிறார்கள். கருப்பு உளுந்தும் பச்சரிசியும் வறுத்து அரைத்த மாவு, கருப்பட்டிப் பாகு, நல்லெண்ணெய் சேர்ந்த சத்துணவு அது. வளரும் பெண்ணுக்குப் புரதமும் கொழுப்பும் ஆற்றலும் தருகிறது. வலி மருந்தாக அதை எதிர்பார்க்க வேண்டாம், உணவாகத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இந்த ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம்

2016இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு, மாதவிலக்கு வலிக்கான மூலிகை, சத்து மாத்திரை ஆய்வுகளைத் திரட்டியது. மொத்தம் 27 ஆய்வுகள், 3,101 பெண்கள். உயர்தர ஆதாரம் எதற்கும் இல்லை, இஞ்சி, வெந்தயம் முதலிய சிலவற்றுக்குக் குறைந்த அளவு ஆதாரம் உண்டு என்றது முடிவு. காரணங்கள் எளியவை. பெரும்பாலான ஆய்வுகள் சிறியவை, ஒன்றிரண்டு மாதமே நடந்தவை. சுக்கையும் வெந்தயத்தையும் மாத்திரைக்குள் அடைத்தாலும் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். எதை எடுக்கிறோம் என்று தெரிந்தால் எதிர்பார்ப்பும் சேர்ந்து வேலை செய்யும்.

மாத்திரைகளையும் அதே கண்ணால் பார்ப்போம். இபுபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம் வகை மருந்துகள் பற்றி 2015இல் காக்ரேன் 80 ஆய்வுகளைத் தொகுத்தது. மாவு மாத்திரை எடுத்தவர்களில் 100க்கு 18 பேருக்கு நல்ல நிவாரணம் கிடைத்தால், இந்த மருந்தை எடுப்பவர்களில் 45 முதல் 53 பேருக்குக் கிடைக்கும் என்பது கணக்கு. அதாவது ஆதாரம் வலுவாக இருக்கிற மாத்திரையும் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதவில்லை. வயிற்றுப்புண், சிறுநீரக நோய், சில வகை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகவும் ஆகாது. அதனால் சுக்கைப் பற்றி ஒழுங்கான, பெரிய ஆய்வு நம் நாட்டிலேயே நடக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். ஒவ்வொரு வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கும் சரக்கு அது.

ருதுவுண்டாக்கிகளில்தான் ஆபத்து

"எள்ளும் கருப்பட்டியும் சாப்பிட்டால் விலக்கு வந்துவிடும்", "கற்றாழைச் சாறு குடித்தால் வந்துவிடும்" என்பவை வலிக்கான யோசனைகளே அல்ல. விலக்கு தள்ளிப்போனபோது செய்பவை. வலி வைத்தியம் என்ற பெயரில் இவை கலந்து வரும்போது மூன்று சங்கடங்கள் உண்டு:

1. விலக்கு தள்ளிப்போக முதல் காரணம் கர்ப்பமாக இருக்கலாம். கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருந்தால் ஒரு பக்க வலியும் இலேசான உதிரப்போக்கும் இருக்கும். அது விலக்கு போலவே தோன்றும். கசாயத்தோடு காத்திருந்தால் குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். நாள் தள்ளிப்போனால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை.
2. கற்றாழையின் வழவழப்பான சோறும், தோலை ஒட்டி வடியும் மஞ்சள் பாலும் வேறு வேறு. அந்தப் பாலில் உள்ள அலோயின் கடும் பேதியை உண்டாக்கும், வயிற்றை முறுக்கும். வலியோடு இருப்பவளுக்கு வலியைக் கூட்டும். அமெரிக்காவில் 2002இல் இந்தப் பால் சேர்ந்த பேதி மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்பது நிறுத்தப்பட்டது. நம் வீடுகளில் மடலைக் கீறி நிறுத்தி மஞ்சள் நீரை வடியவிட்டு, சோற்றை ஏழு தண்ணீரில் அலசச் சொல்வது இதற்காகத்தான். காணொளிகளில் இந்தப் படி பல நேரம் விட்டுப்போகிறது.
3. பப்பாளியிலும் இதே குழப்பம். காயின் பால் எலியின் கருப்பையைச் சுருக்கியது, நன்கு பழுத்த பழம் அப்படிச் செய்யவில்லை என்று 2002இல் ஓர் ஆய்வு காட்டியது. பழத்தை வலிக்கோ விலக்குக்கோ மருந்தாகத் தின்பதில் பயன் இல்லை.

ஒரு எள்ளுருண்டையால் கரு கலைந்துவிடும் என்று பயப்படுவதற்கும் ஆதாரம் கிடையாது. உணவின் அளவு வேறு, மருந்தின் அளவு வேறு.

வேண்டாத கர்ப்பம் என்றால் அதற்குச் சட்டப்படியான பாதுகாப்பான வழி இருக்கிறது. 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம், 2021 திருத்தத்தின்படி, மருத்துவர் மூலம் 20 வாரம் வரையும் சில நிலைகளில் 24 வாரம் வரையும் அனுமதிக்கிறது. மணமாகாதவர்களை இதில் வேறுபடுத்தக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அச்சத்தினால் நாட்டு மருந்துக் கடையில் வேர் வாங்கி அரைத்துக் குடிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அசோகப்பட்டையும் பெயர் மயக்கமும்

அசோகப்பட்டை முதன்மையாகப் போக்கு அதிகமானவர்களுக்கு உரியது. போக்கும் வலியும் சேர்ந்திருக்கும் பெண்ணுக்கு ஒரு சித்த மருத்துவர் பார்த்துக் கொடுப்பது வேறு. வலி என்றவுடன் எல்லாரும் பாட்டிலில் வாங்கிக் குடிப்பது வேறு. கடையில் விற்கும் அசோகாரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்வது, தானாக உண்டாகும் சாராயம் 5 முதல் 10 சதவீதம் வரை அதில் இருக்கும். பள்ளி மாணவிக்குத் தரும் முன் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்தது மரம். உண்மையான அசோகு ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டி நெட்டையாக வளர்ந்து, ஓரம் நெளிந்த இலைகளோடு நிற்பது நெட்டிலிங்கம். அதையும் மக்கள் அசோக மரம் என்றே அழைக்கிறார்கள், அதன் பூ வெளிறிய பச்சை. சந்தையில் அசோகப்பட்டை என்ற பெயரில் நெட்டிலிங்கப் பட்டை கலப்பது நெடுநாள் வழக்கம். அசோகு அருகி வருவதும் அதற்கு ஒரு காரணம், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அழிவாபத்துப் பட்டியலில் அந்த மரம் இருக்கிறது. மலைவேம்பிலும் இப்படித்தான். ஒரே பெயரில் இரண்டு மரங்கள், அவற்றில் ஒன்றின் காய் நச்சுத்தன்மை கொண்டது. தெருவில் பார்த்த மரத்தில் இலை பறித்துச் சாறு பிழிவது சரியான காரியம் ஆகாது.

துவர்ப்புச் சரக்குகளில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். டீயைப் போலவே அது உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. மாதாமாதம் அதிகம் போகும் ஒரு பெண் முதலில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். துவர்ப்பு மருந்து எடுத்தால், அதற்கும் சாப்பாடு, இரும்பு மாத்திரை ஆகியவற்றுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும்.

பாட்டிலிலும் டப்பாவிலும் வருபவை

மாதவிலக்குக் கோளாறைச் சரிசெய்யும் என்று எந்த மருந்தையும் மக்களிடம் விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்துகள், மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டத்தின் 3ஆம் பிரிவே தடை செய்கிறது. அப்படிக் கூவி விற்கும் காணொளி சட்டத்தை மீறுகிறது என்று துணிந்து சொல்லலாம்.

இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2008இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. ஈயம் எலும்பில் தங்கும், பின்னாளில் கருவுற்றால் குழந்தைக்கும் போகும். உரிம எண், தயாரித்த நாள், உட்பொருள் பட்டியல் இல்லாத லேகியத்தையும் பொடியையும் வாங்காதீர்கள். சுக்கும் வெந்தயமும் வீட்டில் பொடித்தால் இந்தக் கவலையே இல்லை.

யார் தவிர்க்க வேண்டும், எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்கள் சுக்கு, பெருங்காயம், வெந்தயத்தை மருந்து அளவில் எடுக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்கள் ருதுவுண்டாக்கி என்று சொல்லப்படும் எதையும் மருந்து அளவில் தொட வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், இவற்றை எடுத்துவருவதை முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் கசாயத்தை நம்பிக் காலம் கடத்தக் கூடாது:

1. ஆண்டுக்கு ஆண்டு வலி கூடுகிறது, அல்லது 25 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கியிருக்கிறது.
2. விலக்கு இல்லாத நாட்களிலும், மலம் கழிக்கும்போதும், உடலுறவின்போதும் வலிக்கிறது.
3. மணிக்கொரு நாப்கின் நனைகிறது, அல்லது 7 நாளுக்கு மேல் போகிறது.
4. காய்ச்சலோ துர்நாற்றத்துடன் கூடிய வெள்ளையோ இருக்கிறது.
5. ஒவ்வொரு மாதமும் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியவில்லை. மூன்று மாதம் முறையாக மாத்திரையோ சுக்கோ எடுத்தும் குறையவில்லை.

ஐந்தாவதைத்தான் வீடுகளில் அதிகம் தள்ளிப்போடுகிறார்கள். "எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது, கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று அம்மாவோ பெரியம்மாவோ சொல்வார்கள். எண்டோமெட்ரியோசிஸ் குடும்பத்தில் தொடரக்கூடிய நோய். அம்மாவுக்கும் அப்படி இருந்தது என்பது மகளைச் சீக்கிரம் காட்டுவதற்கான காரணம். போகும்போது வலி எந்த நாளில் தொடங்குகிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது, எத்தனை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது, என்ன மாத்திரை, என்ன கசாயம், எந்த அளவில் எடுத்தீர்கள் என்று இரண்டு மூன்று மாதக் குறிப்பைக் கையில் கொண்டு போங்கள். கசாயத்தைச் சொன்னால் திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம், சுக்குப் பொடிக்கும் மாத்திரைக்கும் சேர்த்துத்தான் அவர்கள் அளவு தீர்மானிக்க வேண்டியிருக்கும்.